காலை ஏழரைக்கு ஆறு, பதினொரு மணிக்குச் சேறு: சிலாங்கூர் ஆற்றில் கயாக் இறக்க இடம் தேடிய கணக்கு

தீபாவளிக்கு மறுநாள் காலை ஏழரை மணிக்கு, மலேசியாவில் சிலாங்கூர் ஆற்றங்கரையில் புல்லில் நின்றபடியே மூன்று கயாக்குகளைத் தண்ணீரில் தள்ளினோம். ஒருத்தருக்கும் செருப்புகூட நனையவில்லை. பதினொரு மணிக்கு அதே இடத்துக்குத் திரும்பி வந்தால் ஆறு அங்கே இல்லை. புல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே பதினாறு மீட்டர் சேறு, சாம்பல் நிறத்தில், வழுவழுவென்று, மேலே சேற்றுமீன்கள் குதித்துக்கொண்டு கிடந்தன. என் அக்கா மகன் முதல் ஆளாக இறங்கினான். இரண்டாவது அடியில் தொடைவரை போய்விட்டான்.

அந்தப் பதினாறு மீட்டரைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கரைக்கு வந்தபோது ஒரு துடுப்பு இல்லை, மூன்று செருப்பு இல்லை, அக்கா மகன் பாதத்தில் சிப்பி கிழித்த காயம், அப்புறம் கிளினிக்கில் டெட்டனஸ் ஊசி. அதற்குப் பிறகு மூன்று மாதம் ஆற்றில் துடுப்புப் போடவே இல்லை. இடம் மட்டும் தேடினோம். புக்கிட் ரோத்தான் பக்கம் யாராவது கயாக் வாங்கித் தாழ்வாரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு எங்கே இறக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு உதவும். நாங்கள் செய்த முட்டாள்தனத்தையும் விடாமல் எழுதியிருக்கிறேன்.

நாங்கள் எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள். பாட்டி பால்மரம் வெட்டியவர், அப்பா செம்பனைக் குலை லாரி ஓட்டியவர், நான் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறேன். லயத்தை இடித்தாயிற்று, ஊர் மட்டும் இருக்கிறது. ஆறு ஊரிலிருந்து மோட்டாரில் பத்துப் பதினைந்து நிமிடம்தான், ஆனால் சின்ன வயதில் எங்களை அந்தப் பக்கம் விட்டதே இல்லை. முதலை என்பார்கள், முனி என்பார்கள், இழுத்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்துப் பையன்கள் எட்டு வயதில் சம்பான் தள்ளியபோது நாங்கள் வாய்க்காலில் குப்பி மீன் பிடித்துக்கொண்டிருந்தோம். அதனால் ஆற்றைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது. பழைய கயாக் மூன்று மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டோம். மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை, அதில் ஒன்றில் மட்டும் இரண்டு பேர் உட்காரலாம், ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்கு மேல் கனம். இந்தக் கனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சேற்றில் அது இரண்டு மடங்காகிவிடும்.

தப்பு எங்கே நடந்தது

முதலில் இடம் சரியில்லை என்றுதான் நினைத்தோம். அது பாதி உண்மை. நாங்கள் இறக்கிய இடம் தோட்டத்து பண்டில் ஒரு இடைவெளி. பண்டு என்றால் ஆற்றுத் தண்ணீர் தோட்டத்துக்குள் வராமல் போட்ட மண்கரை, இந்தக் கடலோரச் சமவெளியில் செம்பனை நட்ட எல்லாத் தோட்டத்திலும் இருக்கும். இடைவெளியில் புல் வளர்ந்து, தண்ணீர் புல்லைத் தொட்டுக்கொண்டு, பார்த்தால் பூங்கா மாதிரி இருந்தது. முந்தின வாரம் இரண்டு தடவை போய்ப் பார்த்தோம். இரண்டு தடவையும் வேலை முடிந்து மாலை ஆறு மணி வாக்கில்தான் போனோம், இரண்டு தடவையும் தண்ணீர் பாதிக்கு மேலேதான் நின்றது. மூன்றாவது தடவை கயாக்கோடு போனபோது நிரம்பியே இருந்தது. நிறைந்த தண்ணீரில் எந்தக் கரையும் நல்ல கரைதான்.

மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை இறங்கும், இதுதான் ஓதம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம், அதனால் இன்றைய உச்சம் நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வரும். கிள்ளான் துறைமுகத்தில் பெரிய ஓத நாட்களில் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் நடுவே நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும், அதாவது ஒரு மாடி உயரத்துக்கும் மேல். ஆற்றுக்குள்ளே வர வர அது குறையும். எங்கள் இடத்தில் நாங்கள் கம்பு நட்டு அளந்த ஒரு பெரிய நாளில் மூன்று மீட்டர் காட்டியது.

இந்த மூன்று மீட்டர் ஒரே சீராக இறங்காது. கடற்கரைக்காரர்களிடம் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று ஒரு கணக்கு உண்டு. முதல் மணி நேரத்தில் மொத்த இறக்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நாலாவதிலும் மும்மூன்று, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. மூன்று மீட்டருக்குப் போட்டால் முதல் மணியில் 25 சென்டிமீட்டர், மூன்றாவது மணியில் 75. எங்கள் கரையின் சரிவு ஒன்றுக்கு எட்டு, அதாவது ஒரு மீட்டர் இறங்க எட்டு மீட்டர் நடக்க வேண்டும். 75 சென்டிமீட்டர் இறங்கினால் ஆறு மீட்டர் புதுச் சேறு வெளியே வரும். நாங்கள் உச்சம் தாண்டி மூன்றே முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினோம். கூட்டிப் பாருங்கள், பதினாறு மீட்டர் சரியாக வரும். இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டிருந்தால் அந்தப் பையன் பாதம் கிழிந்திருக்காது. ஆற்றில் ஏறுவது விறுவிறுவென்றும் இறங்குவது இழுத்துக்கொண்டும் இருக்கும், அதனால் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே வரும், இருந்தாலும் ஒன்றுமே போடாமல் போனதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இரண்டாவது தப்பு நாள். இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் அத்தை. பாட்டியோடு உட்கார்ந்து நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தவர், "தீபாவளிக்கு மறுநாள் அமாவாசைப் பக்கம்தானேடா, கடல் பொங்காதா?" என்று சாதாரணமாகக் கேட்டார். நான் ஒரு நிமிடம் பேசவில்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் ஓதம் பெரிதாக இருக்கும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வரும், தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும். எங்களுக்கு லீவு கிடைக்கும் இரண்டு பெரிய நாளும் ஆற்றில் தண்ணீர் ரொம்ப ஏறி ரொம்ப இறங்கும் நாள்! அப்புறம் இன்னொன்று. பாதி நிலா தெரியும் அஷ்டமியைத் தாண்டி நவமி, தசமியில் ஓதம் சோர்ந்துவிடும், ஏற்ற இறக்கம் பெரிய நாளில் பாதிகூட இருக்காது. பாட்டி எந்த நல்ல காரியமும் தொடங்கக் கூடாது என்று சொல்லும் அஷ்டமி நவமிதான் கயாக் கற்றுக்கொள்கிறவனுக்கு மாதத்திலேயே சிறந்த நாள். இதைப் பாட்டியிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

நேரமும் நாளோடு கட்டிப்போட்டிருக்கிறது, இதை அட்டவணை பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். கடற்படையின் கீழுள்ள தேசிய நீரியல் மையம் வருடா வருடம் ஓத அட்டவணை வெளியிடுகிறது, நில அளவை இலாகாவும் தனியாக ஒன்று போடுகிறது. கிள்ளான் துறைமுகப் பக்கத்தை எடுத்துப் பார்த்தால் பெரிய ஓத நாட்களில் உச்சம் பெரும்பாலும் காலை ஆறு ஏழு மணி, மாலை ஆறு ஏழு மணிப் பக்கம் வருகிறது, அடிமட்டம் மத்தியானம். சோர்ந்த நாட்களில் அப்படியே தலைகீழ், காலை ஆறு ஏழுக்கு அடிமட்டம், மத்தியான வாக்கில் உச்சம். அதனால்தான் பண்டிகை லீவில் விடியற்காலையில் போகிறவன் நிறைந்த ஆற்றைப் பார்த்து ஏமாந்து, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்து சேற்றில் மாட்டுகிறான். நவமி காலை எட்டரைக்குப் போகிறவனுக்கு முதலில் கொஞ்சம் அசிங்கமான கரை இருக்கும், ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். ஏறும் தண்ணீரில் தட்டி நின்றால் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், தானாகவே தூக்கிவிடும். இறங்கும் தண்ணீரில் தட்டினால் பொழுது போய்விடும்.

ஆக நாங்கள் தேடியது இறக்க இடம் என்றாலும் பார்க்க வேண்டியிருந்தது ஏறும் இடத்தைத்தான். திரும்பி வரும் மணியில் அந்தக் கரை எப்படி இருக்கும்? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஆற்றோரம் சுற்றினோம், இந்தத் தடவை வேண்டுமென்றே அடிமட்ட நேரத்தில், பெரிய ஓத நாள் மத்தியானத்தில், மண்டை வெடிக்கும் வெயிலில்.

நாலு இடங்கள்

சிலாங்கூர் ஆறு கீழ்ப்பகுதியில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்துதான் கோல சிலாங்கூருக்குப் போகிறது. வளைவின் உள்பக்கம் ஓட்டம் மெதுவாக இருக்கும், அதனால் வண்டல் படியும், சேறு சேரும். வெளிப்பக்கம் ஓட்டம் வேகம், கரையை அரித்துக்கொண்டே போகும், ஆழம் இருக்கும். எங்கள் பண்டு இடைவெளி நல்ல உள்வளைவு. அதோடு அறுபது மீட்டர் மேலே தோட்டத்து வாட்டர் கேட். அடிமட்டம் வரும்போது தோட்டத்து வாய்க்கால் தண்ணீர் ஆற்றில் விழ அந்தக் கதவு திறக்கும், ஏற்றத்தில் மூடிக்கொள்ளும். திறக்கும் நேரத்தில் வாயில் தண்ணீர் குபுகுபுவென்று பாயும், அதன் முன்னால் புதுசாக ஓட்டுகிற ஆள் போய் நின்றால் கவிழ்வது உறுதி. அந்த இடத்தை அன்றைக்கே தள்ளிவிட்டோம்.

அடுத்து வெளிவளைவு ஒன்று, நாங்கள் ஒற்றைத் தென்னை என்று பெயர் வைத்த இடம். சேறே இல்லை, கரையிலிருந்து ஒரு எட்டில் ஆழம். தங்கச்சிக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. எனக்கும்தான். ஆனால் கீழ்ப்பக்கம் இருபது மீட்டரில் அரிப்பில் சாய்ந்த இரண்டு மரங்கள் கிளையோடு ஆற்றில் கிடந்தன. தண்ணீர் கிளை வழியே புகுந்து போய்விடும், கயாக்கும் ஆளும் போக முடியாது, ஓட்டம் அங்கேயே வைத்து அழுத்தும். ஆற்றில் நான் பயப்படுகிற ஒரே சாமான் அதுதான், முதலைகூட இரண்டாவதுதான். அதோடு கரை ஓரத்தில் நின்றபோது காலடியில் ஒரு விரிசல் தெரிந்தது. கரைந்துகொண்டிருக்கும் கரையில் நாலு பேர் நின்று இருபது கிலோவைத் தூக்கக் கூடாது. மூன்று வாரம் கழித்து வந்து பார்த்தபோது அந்த விரிசல் இருந்த மண் இல்லை.

மூன்றாவது கம்பத்து ஜெட்டி. சிமெண்டுத் தரை, நிழல், கார் நிறுத்த இடம், பக்கத்தில் ஒட்டுக்கடை, தெ தாரிக்கும் கிடைக்கும். ஜெட்டி உயரம் படகுக்குப் போட்டது. உச்சத்தில் ஒரு அடி கீழே தண்ணீர், அடிமட்டத்தில் மூன்று மீட்டர் கீழே, நடுவில் பாசி பிடித்த மர ஏணி. கயாக்கைக் கயிற்றில் கட்டி இறக்கலாம், இறக்கியும் பார்த்தோம், ஆனால் களைத்துத் திரும்பி வந்து அலையில் ஆடும் கயாக்கிலிருந்து ஏணியைப் பிடிப்பது சர்க்கஸ். மீன்பிடிப் படகு ஒன்று கடந்தாலும் அலை ஜெட்டியில் மோதித் திரும்பி வந்து இரண்டாவது தடவை அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே அது அவர்கள் பிழைக்கும் இடம். காலையில் வலை ஏற்றுகிற ஆள் முன்னால் நாங்கள் விளையாட்டுச் சாமானைப் பரப்பி வைத்தால் இரண்டு வாரம் சிரிப்பார்கள், மூன்றாவது வாரம் முறைப்பார்கள்.

மின்மினி பார்க்கும் கம்போங் குவாந்தான் பக்கமும் யோசித்தோம், யோசித்ததோடு சரி. பெரெம்பாங் மரத்தில் ராத்திரி கூட்டமாக விட்டுவிட்டு மின்னுகிற பூச்சியைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள், ஆனால் அதன் புழு வளர்வது கரைக்குப் பின்னால் ரும்பியா என்ற சவ்வரிசிப் பனை நிழலில், ஈர மண்ணில், சின்ன நத்தைகளைத் தின்று. கரையை வெட்டி வழி போட்டால் மரம் நிற்கும், பூச்சி வராது. 2009-ல் மாநில அரசு அந்தப் பகுதியைப் பாதுகாப்புக்கு எடுத்துக்கொண்டது. அதிலிருந்து எங்களுக்கு ஒரு விதி கிடைத்தது: எங்கேயானாலும் புதிதாக ஒரு செடியைக்கூட வெட்டி வழி செய்வதில்லை, ஏற்கெனவே திறந்து கிடக்கும் இடத்தைத்தான் எடுப்பது.

நாலாவது இடத்தைக் காட்டியது ஒரு பெரியவர். தீபாவளி மறுநாள் எங்களைச் சேற்றிலிருந்து எடுத்தவரும் அவர்தான். தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், அப்பாவுக்குத் தெரிந்தவர், நாங்கள் மாமா என்போம், வாரத்துக்கு நாலு நாள் ஊடாங் காலா என்ற பெரிய ஆற்று இறால் பிடிக்க ஆற்றில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு எங்களைப் பார்த்துத் திட்டவில்லை, ஓடி வரவும் இல்லை. நிதானமாக ஆற்றோரத்து நிப்பாப் பனை மட்டையை வெட்டிக் குறுக்கே குறுக்கே போட்டு, மேலே ஒரு பலகையை வைத்து, "டேய், நிக்காதே, படு. கயாக் மேல படுத்து இழு," என்றார். நின்றால் முழு எடையும் இரண்டு பாதத்தில், படுத்தால் பரவிவிடும். காலை நேரே மேலே பிடுங்காமல் முன்னும் பின்னும் ஆட்டி, பக்கத்தில் தண்ணீர் இறங்க விட்டு எடுக்க வேண்டும். செம்பனை மட்டையை எடுக்கப்போன தம்பியிடம் மட்டும் குரல் உயர்ந்தது, முள் இருக்கிறதே.

மாமா காட்டிய இடத்துக்கு நாங்கள் பழைய பங்காலான் என்று பெயர் வைத்தோம், பங்காலான் என்றால் மலாயில் படகுத்துறை. முன்பு மணல் ஏற்றிய இடமாம். லாரி இறங்க செம்மண் கல்லைக் கொட்டி இறுக்கியிருக்கிறார்கள், மணல் வேலை நின்ற பிறகு புல் மூடிவிட்டது. மேலே பார்த்தால் ஒன்றும் இல்லை, முதல் தடவை நாங்களே தாண்டிப் போய்விட்டோம். அடிமட்டத்தில் போய்க் கம்பால் குத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கல் பாதி மட்டத்துக்குக் கீழேயும் கொஞ்ச தூரம் போகிறது. அதற்குக் கீழே சேறு. ஆறு அங்கே நேராக ஓடுகிறது, உள்வளைவும் இல்லை வெளிவளைவும் இல்லை. மேல்பக்கம் ஒரு மூக்கு மாதிரி கரை நீட்டிக்கொண்டிருப்பதால் இறங்கும் தண்ணீரில் அதன் கீழே ஓட்டம் செத்து, லேசாகத் திரும்பிச் சுழல்கிறது. களைத்து வருகிறவன் அந்தச் சுழலுக்குள் மூக்கை நுழைத்தால் நின்று மூச்சு வாங்கலாம்.

கம்பும் தேங்காய் மட்டையும்

பிடித்த இடம் என்று முடிவு கட்டாமல் ஒரு மாதம் அளந்தோம். செலவு கிட்டத்தட்ட இல்லை. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட கம்பை மாமா உதவியோடு கல்லில் அடித்து நட்டோம். யார் அந்தப் பக்கம் போனாலும் கைபேசியில் ஒரு படம், நேரம் தானாகப் பதியும். நாலு வாரத்தில் எழுபது படத்துக்கு மேல் சேர்ந்தது, பாதி மாமா அனுப்பியது, சிலதில் கம்பைவிட அவர் விரல்தான் அதிகம்.

அந்தப் படங்களை அட்டவணையோடு வைத்துப் பார்த்ததில், எங்கள் கம்பில் உச்சம் கிள்ளான் துறைமுக நேரத்துக்கு ஐம்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை பிந்தியது. ஓதம் கடலிலிருந்து உள்ளே நடந்து வர நேரம் வேண்டுமில்லையா. இதைத் தெரியாமல் அட்டவணையை அப்படியே நம்புகிறவன் ஒரு மணி நேரம் முன்னால் வந்து நின்று கொசுக்கடி வாங்குவான், அது பரவாயில்லை. அடிமட்டம் இன்னும் அதிகமாகப் பிந்துகிறது, அதுதான் ஆபத்து, இந்நேரம் ஏறத் தொடங்கியிருக்கும் என்று நம்பி வந்தால் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்.

ஓட்டத்துக்குத் தேங்காய் மட்டை. ஐம்பது மீட்டர் கயிறு போட்டு இரண்டு மரத்தில் துணி கட்டி, மேலே ஒருத்தர் மட்டையை நடு ஆற்றுப் பக்கம் எறிய, கீழே ஒருத்தர் நேரம் பார்த்தோம். பெரிய ஓத நாள், இறக்கத்தின் நடு மணி, 48 நொடி. அது மணிக்கு மூன்றே முக்கால் கிலோமீட்டர். எங்கள் வேகம்? ஏரியில் அளந்தபோது ஒரு கிலோமீட்டருக்கு 14 நிமிடம், மணிக்கு நாலே கால் சொச்சம். கழித்துப் பாருங்கள், அந்த ஓட்டத்தை எதிர்த்து உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டாலும் மணிக்கு அரை கிலோமீட்டர்தான் நகர்வோம், இரண்டு கிலோமீட்டர் திரும்பி வர நாலு மணி நேரம் ஆகும். நவமி நாளில் அதே ஐம்பது மீட்டருக்கு 110 நொடி எடுத்தது. அன்றைக்கு எதிர்த்து வந்தாலும் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். இந்த இரண்டு எண்ணைத் தங்கச்சியிடம் காட்டிய பிறகு ஒற்றைத் தென்னையைப் பற்றியோ தைப்பூச லீவில் போவதைப் பற்றியோ அவள் பேச்சே எடுக்கவில்லை.

மட்டை இன்னொன்றும் காட்டியது, நான் எதிர்பார்க்கவே இல்லை. கம்பில் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது, ஈரக் கோடு தெரிகிறது, ஆனால் மட்டை இன்னும் மேலே, உள்நாட்டைப் பார்த்துப் போகிறது. மட்டம் திரும்புவதும் ஓட்டம் திரும்புவதும் ஒரே நேரம் இல்லை, எங்கள் இடத்தில் அரை மணி நேரம் வரை வித்தியாசம் வந்தது. மாமாவுக்கு இது புதுசு இல்லை. "அதான் இறால் கடிக்கிற நேரம்," என்றார், முடிந்தது.

எடுத்த முடிவு

பழைய பங்காலானை எடுத்தோம், ஆனால் எந்த நேரமும் போகலாம் என்று இல்லை. கம்பில் 80 சென்டிமீட்டர் கோட்டுக்கு மேல் தண்ணீர் நிற்கும்போது மட்டும்தான் ஏறவோ இறங்கவோ செய்வது, அதற்குக் கீழே கல் முடிந்து சேறு. அமாவாசை, பௌர்ணமி தாண்டி மூன்று நாள் வரை புது ஆட்களைக் கூட்டிப் போவதில்லை. சோர்ந்த நாளில், ஏறும் தண்ணீரில், முதலில் எதிர்த்துக் கடல் பக்கம் கொஞ்சம் போய்விட்டு, களைக்கும்போது ஓட்டம் தள்ளிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவருகிற மாதிரிப் போவது. பலம் இருக்கும்போது கஷ்டத்தைச் செலவழித்துவிட வேண்டும்.

இதில் விவாதம் வந்த ஒரு விஷயம் உண்டு. என் தம்பிக்கு மேல்பக்கம் போகத்தான் ஆசை, ஏறும் தண்ணீர் தள்ளும், சுகமாகப் போகலாம். திரும்பும்போது ஓட்டம் மாறும்வரை காத்திருந்தால் அதுவும் தள்ளிக்கொண்டு வரும் என்றான். காகிதத்தில் சரிதான். ஆனால் இறங்கும் தண்ணீரில் வந்து பங்காலானைத் தவறவிட்டால் அடுத்து எங்கே ஏறுவது? அதற்குக் கீழே நிப்பா, நிப்பாவுக்குக் கீழே சேறு, அப்புறம் கோல சிலாங்கூர், அப்புறம் கடல். கடைசியில் கீழே ஒன்றரை கிலோமீட்டரில் ஒரு கம்பத்து வீட்டின் பின்னால் சிமெண்டுப் படி இருப்பதைப் பார்த்து, அந்த வீட்டு மலாய் அம்மாவிடம் கேட்டு, அவசரத்துக்கு ஏறிக்கொள்ளலாம் என்று சம்மதம் வாங்கி வந்த பிறகுதான் தம்பியின் திட்டத்தையும் சேர்த்துக்கொண்டோம். அவருக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தோம், ஒரு பை மரவள்ளிக்கிழங்கு திரும்பி வந்தது.

பாதை தோட்டத்து வழியாகத்தான். காவலுக்கு இருக்கும் ஜாகா மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார், அதனால் நாலரைக்கு மேல் தண்ணீரில் இருப்பதில்லை. தோட்டத்து ஆபீசில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க இரண்டு வாரம் ஆனது. மாவட்டத்தில் கேட்க வேண்டியதையும் கேட்டோம், இந்தப் பகுதியை நீட்டி எழுத ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் தெரிந்த ஆபீஸ் கௌண்டர் கதைதான்.

முதலை பற்றிக் கேட்காத அம்மா இல்லை. உப்புநீர் முதலை இந்தக் கரை ஆறுகளில் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். பொழுது சாய்ந்து போவதில்லை, கரையோரம் கால் தொங்கப்போட்டு உட்காருவதில்லை, மாமா இன்றைக்கு வேண்டாம் என்றால் காரணம் கேட்பதில்லை. காலில் கெட்டியான அடி உள்ள ரப்பர் காலணி கட்டாயம், சிப்பிக்காக மட்டும் இல்லை, செம்பிலாங் மீனின் முள் குத்தினால் அன்றைய நாள் முழுக்க கத்த வேண்டியதுதான். காயம் இருந்தால் ஆற்றுக்கு வர வேண்டாம், எலி மூத்திரக் காய்ச்சல் தண்ணீர் வழியாகவும் பரவும். விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து கறுத்து வரும் காற்றுமழையைப் பார்த்தால் வண்டியிலிருந்து இறங்காமலே தெ தாரிக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.

அதற்குப் பிறகு

இதுவரை பதினோரு தடவை போயிருக்கிறோம். பத்து தடவை சொல்ல ஒன்றும் இல்லை, போனோம், வந்தோம், ஒரு தடவை நீர்நாய்க் குடும்பம் பார்த்தோம். பதினொன்றாவதுதான் பாடம். தசமி நாள், கம்பில் தண்ணீர் ஒரு மீட்டர், ஏறிக்கொண்டிருக்கிறது, எல்லாம் கணக்குப்படி. கீழ்ப்பக்கம் எதிர்த்துப் போக வேண்டிய ஓட்டம் இல்லை, சுகமாக இருக்கிறதே என்று அரை கிலோமீட்டர் போய்விட்டோம். அப்புறம் திரும்பினால் துடுப்பு கனக்கிறது. தண்ணீர் மட்டம் ஏறுகிறது, ஆனால் ஓட்டம் கடலைப் பார்த்துத்தான்! முந்தின இரண்டு நாள் உலு பக்கம், அதாவது ஆற்றின் மேல்பகுதியில், கோல குபு பாரு மலையில் விடாத மழை. மேலே அணை இருந்தாலும் அணைக்குக் கீழே விழுகிற மழையை யார் பிடிப்பது? அவ்வளவு தண்ணீர் கீழே வரும்போது கடலின் ஏற்றம் அதைத் தூக்கி நிறுத்துகிறதே தவிர திருப்பவில்லை. கரையை ஒட்டி, நிப்பாவின் ஓரத்தில் ஓட்டம் செத்த இடமாகப் பார்த்து, ஒரு மணி பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தோம். தங்கச்சி இரண்டு நாள் கை தூக்கவில்லை.

கம்பு அன்றைக்குப் பொய் சொல்லவில்லை, நாங்கள்தான் கம்பை மட்டும் பார்த்தோம். கண் முன்னால் நுரையும் குச்சியும் ஆகாயத்தாமரையும் கீழே போய்க்கொண்டிருந்தன, யாரும் பார்க்கவில்லை. இப்போது கயாக்கை இறக்கி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் யாரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. ஒரு தேங்காய் மட்டையை எறிந்துவிட்டு உட்கார்ந்திருப்போம். முந்தின நாள் உலுவில் மழை என்றால் இரண்டு மட்டை.

போன மாதம் பெரிய ஓதத்தில் பண்டு ஒரு இடத்தில் நனைந்தது, ஜேபிஎஸ், அதாவது வடிகால் நீர்ப்பாசன இலாகா ஆட்கள் வந்து மண்மூட்டை அடுக்கினார்கள். பங்காலானின் கீழ்ப்பக்கக் கல்லில் ஒரு முழம் நீளத்துக்கு அடியில் குடைந்திருக்கிறது, கம்பும் லேசாகச் சாய்ந்துவிட்டது. 80 கோடு இனி 80 இல்லை, மறுபடி அளக்க வேண்டும். வருகிற ஞாயிறு நவமி. காலை எட்டு மணிக்குப் போகிறோம், மாமா வெட்டுக்கத்தியும் பலகையும் கொண்டுவருகிறார், நான் அளவு நாடா. பாட்டியிடம் கோயிலுக்கு என்று சொல்லியிருக்கிறேன்.